இரைச்சலோடு குடித்தனம்

விசைத்தறி ஓட்டி ஓய்ந்த ஒருவர் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் உட்கார்ந்தால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

“எப்ப இருந்துங்க இந்தச் சத்தம்?”

“தறிய வித்த பொறகுதானுங்க சார். ஓட்டறப்ப ஒண்ணுந் தெரியலீங்க. இப்ப வூட்ல சும்மா உக்காந்தாப் போதும், ‘ஙொய்ய்’னு விடாம கேக்குதுங்க.”

சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் வட்டாரங்களில் இது புதுக் கதை இல்லை. தறிகள் ஓடும் பட்டறைக்குள் சத்தம் 90 டெசிபலைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். இருபது முப்பது வருடம் அதற்குள் நின்றவரின் காது, தறி ஓடிக்கொண்டிருந்தபோதே கெட்டுவிட்டது. நாடா அடிக்கும் சத்தம் அதை வெளியே தெரியாமல் மூடியிருந்தது, அவ்வளவுதான். தறிக்காரர்களுக்கு மட்டும் வருகிற தொல்லையும் இல்லை இது. ஜெனரேட்டர் அறை, இரும்புப் பட்டறை, மேளம், பட்டாசு, இயர்போன், ஒன்றும் இல்லாவிட்டால் வெறும் வயது. வந்த வழி எதுவானாலும் வந்த பிறகு செய்யவேண்டியது ஏறக்குறைய ஒன்றேதான். அதற்கு ஒரு வரிசை உண்டு. வரிசையை மாற்றிக்கொண்டு முதலில் மாத்திரை, பிறகு எண்ணெய், கடைசியில் பரிசோதனை என்று போகிறவர்கள்தான் பணத்தையும் தூக்கத்தையும் சேர்த்துத் தொலைக்கிறார்கள்.

மாதக்கணக்கில் நிலைத்துவிட்ட காதிரைச்சலை அடியோடு நிறுத்தும் மருந்து இன்று கிடையாது. ஆனால் இரைச்சல் இருந்தும் அதை நினைக்காமல் நாளைக் கழிக்கும் நிலைக்குப் பெரும்பாலோர் வந்துசேர முடியும். தறி வீட்டில் வளரும் கைக்குழந்தையைப் பாருங்கள். பக்கத்து அறையில் தறி ஓட ஓடத் தூங்கும். கரண்ட் போய்த் தறி நின்றால் விழித்துக்கொள்ளும். சத்தம் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது; அதில் ஆபத்தில்லை என்று மூளை ஒதுக்கிவைத்துவிட்டது. காதிரைச்சலிலும் அந்த ஒதுக்கலைத்தான் வரவழைக்கவேண்டும். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு வேலையும் அதற்காகத்தான்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். உள்காதில் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 15,000 முடியணுக்கள் இருக்கின்றன. அதிக சத்தத்தில் இவை சாகும். செத்தது மறுபடி முளைக்காது. கீச்சுச் சத்தங்களை வாங்கும் பகுதி, குறிப்பாக 4000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம், முதலில் அடிவாங்கும். அங்கிருந்து வரவேண்டிய சேதி வராமல்போனதும் மூளை தன் பக்கத்து ஒலியைக் கூட்டிவைக்கிறது. ஸ்டேஷன் சரியாகக் கிடைக்காத ரேடியோவில் வால்யூமைத் திருகத் திருக ‘உஸ்’ஸென்ற இரைச்சல் பெருகுமே, அதுதான் காதில் கேட்பது.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2012-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் நல்ல காது உள்ள 18 பேருக்கு ஒரு காதை மட்டும் ஏழு நாள் அடைத்துவைத்தார்கள். 14 பேருக்கு இல்லாத சத்தம் கேட்க ஆரம்பித்தது. அடைப்பை எடுத்ததும் போய்விட்டது. இன்னும் பழைய சோதனை ஒன்று 1953-இல் அமெரிக்காவில் நடந்தது. காதில் குறை சொல்லாத 80 பேரை, ஒலி புகாத அறையில் சில நிமிடம் உட்காரவைத்து என்ன கேட்கிறது என்று கேட்டார்கள். நூற்றுக்கு 94 பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள். நிசப்தம் என்று நாம் தேடிப்போவது இரைச்சலுக்கு உரம் போடுகிற இடம். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் வேலைகளின் காரணம் தானாகப் புரியும்.

இனி வேலைக்கு வருவோம். மருத்துவரிடம் போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் காது, அல்லது தலைக்குள்ளா? விடாமல் கேட்கிறதா, விட்டு விட்டா? கூடவே கேட்கும் திறன் குறைந்ததா, தலைசுற்றல் உண்டா? ஒரு கை விரலை இன்னொரு கை மணிக்கட்டு நாடியில் வைத்து, இரைச்சல் நாடியோடு சேர்ந்து துடிக்கிறதா என்றும் பாருங்கள். துடித்தால் அது வேறு வகை. ரத்தக்குழாய், ரத்தசோகை, தலைக்குள் அழுத்தம் என்று தேடவேண்டிய காரணங்கள் இருக்கின்றன. அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். ஒரே காதில் மட்டும் இரைச்சலும் கேள்விக் குறைவும் சேர்ந்திருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லலாம். செவி நரம்பின் உறையில் வளரும் கட்டி இல்லை என்று உறுதிசெய்துகொள்ளத்தான் அது. பெரும்பாலோருக்கு ஒன்றும் இருக்காது. இருந்தாலும் அது புற்றுநோய் வகை இல்லை, மெதுவாக வளர்வது.

காத்திருக்கவே கூடாத ஒரு நிலை இருக்கிறது. காலையில் எழுந்தபோது ஒரு காது பொட்டென்று அடைத்துக் கேட்காமல்போய், கூடவே இரைச்சலும் வந்திருந்தால், ‘தண்ணி போயிருக்கும், நாளைக்குச் சரியாயிரும்’ என்று விடாதீர்கள். திடீர்ச் செவிக்குறைவுக்கு ஸ்டீராய்டு மருந்து இரண்டு வாரத்துக்குள், முடிந்தால் முதல் சில நாட்களிலேயே தொடங்கினால்தான் மீட்க வாய்ப்பு அதிகம். அன்றே போகவேண்டும். முகம் ஒரு பக்கம் கோணுதல், கைகால் மரத்தல் சேர்ந்தால் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு.

அதே தாளில் சாப்பிடும் மருந்துகளையும் எழுதுங்கள். அதிக அளவு ஆஸ்பிரின், சில வலி மாத்திரைகள், நீர் பிரியக் கொடுக்கும் ஃப்ரூஸமைடு, மலேரியாவுக்கான குயினின், காசநோய்க்குப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின், அமிக்காசின் ஊசிகள், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின் ஆகியவை காதைப் பாதிக்கக்கூடியவை. சந்தேகம் வந்தால் எழுதித்தந்த மருத்துவரைக் கேளுங்கள். நீங்களாக நிறுத்தினால் காதைக் காப்பாற்றப் போய் வேறெதையோ பறிகொடுக்க நேரும்.

மருத்துவர் முதலில் பார்ப்பது காதுக் குழாயை. சில சமயம் அங்கே குறும்பி கட்டியாக அடைத்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் இரைச்சல் நின்றுவிட்டால் உங்களுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. ஆனால் எடுப்பது அவர் வேலை. பட்ஸ், ஹேர்பின், கோழி இறகு எதுவும் குறும்பியை உள்ளே தள்ளத்தான் செய்யும். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், எருக்கிலைச் சாறு என்று ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். செவிப்பறையில் ஓட்டை இருப்பது தெரியாமல் ஊற்றினால் நடுக்காதுக்குள் போய்ச் சீழ் பிடிக்கும். இரைச்சல் பிறக்கிற இடத்துக்கு அந்த எண்ணெய் போய்ச் சேரவே வழியில்லை.

அடுத்தது ஆடியோகிராம். இதைத் தவிர்த்துவிட்டு எந்தச் சிகிச்சைக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் எடுப்பார்கள். ஒலி புகாத சிறு அறையில் ஹெட்போன் மாட்டி உட்காரவைப்பார்கள். சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்தவேண்டும். 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை சோதிப்பார்கள். உள்ளே நிசப்தம் என்பதால் உங்கள் இரைச்சல் பெரிதாகக் கேட்கும். அதுதான் சோதனைச் சத்தமோ என்று குழம்பினால் சொல்லுங்கள். விட்டு விட்டு ஒலிக்கும்படி மாற்றிக் கொடுப்பார்கள். வெளியே வரும் தாளில் வலது காது சிவப்பு வட்டம், இடது காது நீலப் பெருக்கல் குறி. தறிக்காரரின் தாளில் கோடு 4000-இல் பள்ளமாக இறங்கி 8000-இல் கொஞ்சம் மேலேறும். சத்தத்தால் கெட்ட காது என்பதற்கு அந்தப் பள்ளமே சாட்சி. சிலருக்குத் தாள் முழுக்கச் சரியாக இருந்தும் இரைச்சல் இருக்கும். 8000-க்கு மேல் கெட்டிருந்தால் வழக்கமான சோதனை அதைக் காட்டாது.

வசதி உள்ள இடத்தில் இரைச்சலையே அளந்தும் பார்ப்பார்கள். உங்களுக்குக் கேட்பது எந்தச் சுருதி என்று கருவியில் ஒலிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பொருத்துவார்கள். செக் இசையமைப்பாளர் ஸ்மெத்தனா இந்த வேலையைக் கருவி இல்லாமலே செய்தவர். காது கேளாமல்போன பின் 1876-இல் எழுதிய நால்வர் இசையின் கடைசிப் பகுதியில், தன் காதில் ஒலித்த கீச்சுச் சுருதியையே வயலினுக்கு எழுதிவைத்தார். சுருதிக்குப் பிறகு அளவு. இங்கேதான் பலருக்குக் கோபம் வரும். மண்டையைப் பிளப்பதாகச் சொன்ன சத்தம், அளந்து பார்த்தால் அவர் காதுக்கு எட்டும் மிகச் சன்னமான ஒலியைவிட 5, 10 டெசிபல்தான் அதிகமாக இருக்கும். “அப்ப நான் பொய்யா சொல்றேன்?” என்று எழுந்து போனவர்களும் உண்டு. பொய்யே இல்லை. அதே அளவு இரைச்சலோடு ஒருவர் கடை நடத்துகிறார், இன்னொருவர் தூங்காமல் தவிக்கிறார். வித்தியாசம் ஒலியின் அளவில் இல்லை. மூளை அதை ஆபத்து என்று எழுதிவைத்திருக்கிறதா என்பதில் இருக்கிறது. 1990-இல் நரம்பியல் ஆய்வாளர் பாவெல் யாஸ்ட்ரெபாஃப் முன்வைத்த விளக்கமும் இதுதான். காதிரைச்சல் சிகிச்சை காதைவிட்டு மூளையின் பக்கம் திரும்பியதில் அவருக்குப் பெரிய பங்குண்டு.

அதனால் தவிப்பையும் தனியாக அளக்கவேண்டும். 1996-இல் வெளிவந்த 25 கேள்விப் பட்டியல் ஒன்று உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. ஆம் என்றால் 4, சில சமயம் என்றால் 2, இல்லை என்றால் 0; மொத்தம் நூறு. முதல் நாள் மதிப்பெண்ணைத் தேதியோடு குறித்துவையுங்கள். மூன்று மாதம் கழித்து ‘ஒன்றும் குறையவில்லை’ என்று மனம் அடம்பிடிக்கும்போது அந்த எண் பதில் சொல்லும்.

தாளில் செவிக்குறைவு தெரிந்தால் அடுத்த வேலை காதுக் கருவி. இரைச்சலுக்குக் கேட்கப்போனால் செவிட்டு மெஷின் மாட்டச் சொல்கிறார்களே என்று தயங்கவேண்டாம். மூளை எந்தச் சேதி வராமல் ஒலியைக் கூட்டியதோ, அந்தச் சேதியைக் கருவி கொண்டுபோய்க் கொடுக்கிறது. வெளிச்சத்தம் நன்றாகக் கேட்கக் கேட்க இரைச்சல் பின்வாங்கும். கீச்சுப் பகுதி மட்டும் கெட்டவருக்குக் காதை முழுக்க அடைக்காத திறந்த வகைக் கருவி பொருந்தும். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மட்டும் மாட்டினால் பலன் இல்லை. எழுந்ததிலிருந்து இரவு வரை இருக்கவேண்டும். முதல் வாரம் பாத்திரச் சத்தம்கூட எரிச்சலூட்டும். ஆடியோலஜிஸ்டிடம் திரும்பப் போய் அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள், கழற்றிப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாக இலவசக் கருவி கிடைக்கும். ஆனால் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு காதிலும் பேச்சு ஒலிகளில் 60 டெசிபல் குறைவு இருந்தால்தான் கேள்விக் குறைபாடு என்ற கணக்கில் வரும். தறிக்காரருக்குப் பெரும்பாலும் கெட்டிருப்பது கீச்சுப் பகுதி. பேச்சு ஓரளவு கேட்டுவிடும், அதனால் கணக்கில் வரமாட்டார். சத்தத்தால் வரும் செவிக்குறைவு தொழிலாளர் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கத்தான் செய்கிறது; வீட்டோடு சேர்ந்த நாலு தறிப் பட்டறை அந்தச் சட்டத்தின் கண்ணில் படுவதில்லை.

கருவி வேண்டுமோ வேண்டாமோ, வீட்டில் ஒலியைப் பரப்புவது எல்லோருக்கும் பொது. நம் ஊரில் இதற்கு விலையுயர்ந்த சாதனம் வேண்டியதில்லை. தலைக்கு மேல் சுற்றும் ஃபேன் போதும். ராத்திரி கரண்ட் போனதும் காது கூவ ஆரம்பிக்கிறது என்று பலரும் சொல்வது இதனால்தான். மார்கழிக் குளிரில் ஃபேனை நிறுத்திவிட்டுப் படுக்கிறவர்களுக்கும் அதே கதி. டேபிள் ஃபேனைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கலாம், மீன்தொட்டி மோட்டார் ஓடலாம், செல்போனில் மழைச் சத்தம் போடலாம். பாட்டும் செய்தியும் பகலுக்குச் சரி. படுக்கையில் சொல் இல்லாத, ஏற்ற இறக்கம் இல்லாத, சலிப்பான ஒலிதான் வேண்டும். இயர்போனில் கேட்காதீர்கள், அறையில் பரவட்டும்.

அளவில்தான் நுணுக்கம் இருக்கிறது. இரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்கு ஒலியை ஏற்றிவிடுவதுதான் எல்லோரும் செய்வது. அப்படி மறைத்தால் அந்த நேரத்துக்கு நிம்மதி, நிறுத்தியதும் பழைய இடம். மூளை ஒரு சத்தத்தை ஒதுக்கப் பழகவேண்டுமானால் அது கொஞ்சமாவது கேட்டுக்கொண்டிருக்கவேண்டும். எனவே ஒலியைச் சிறிது சிறிதாகக் கூட்டி, மழையும் இரைச்சலும் ஒன்றோடொன்று கலப்பதுபோல் தோன்றும் இடத்துக்கு ஒரு படி கீழே நிறுத்துங்கள். இரண்டும் கேட்கவேண்டும். தினம் பல மணி நேரம், மாதக்கணக்கில். இதில் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்களே ஒரு வருடம், ஒன்றரை வருடம் என்றுதான் கணக்குச் சொல்கிறார்கள்; இரண்டு வாரத்தில் கைவிடுகிறவர்கள்தான் அதிகம்.

கூடவே மனதுக்கான வேலையும் நடக்கவேண்டும். காதிரைச்சல் சிகிச்சைகளில் நல்ல சான்று உள்ளது அறிவுசார் நடத்தைச் சிகிச்சைக்குத்தான். 2020-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வும் அது தவிப்பைக் குறைக்கிறது என்றே சொல்கிறது. உளவியலாளர் துணை இருந்தால் நல்லது. தொடக்கமாக வீட்டில் செய்யக்கூடியதும் இருக்கிறது. நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: எப்போது மோசமானது, அப்போது என்ன நினைத்தீர்கள், பிறகு என்ன செய்தீர்கள். ‘ராத்திரி பதினொன்று, இப்படியே போனால் பைத்தியம் பிடித்துவிடும், எழுந்து உட்கார்ந்துவிட்டேன்’ என்று ஒரு வரி விழும். வாரக் கடைசியில் நடுக் கட்டத்தை மட்டும் படியுங்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்ற பிறகும் கட்டி, நேற்று முழுக்க வேலை பார்த்த பிறகும் பைத்தியம் என்று எழுதியிருப்பது தெரியும். அதற்கு எதிரே உண்மையில் நடந்ததை எழுதுங்கள்.

இன்னொரு பயிற்சி கவனத்தை நகர்த்துவது. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி, கவனத்தை இரைச்சலுக்குக் கொடுங்கள். கால் நிமிடம் ஆனதும் ஃபேன் சத்தத்துக்கு, பிறகு தரையில் பதிந்த பாதத்துக்கு, மறுபடி இரைச்சலுக்கு. சில தடவை சுற்றினால் கவனம் எங்கே போகவேண்டும் என்பது உங்கள் கையில் இருப்பது தெரியவரும். காலையில் கண் விழித்ததும் ‘இருக்கா, போச்சா’ என்று காதுகொடுத்துப் பார்ப்பதை மட்டும் அடியோடு நிறுத்துங்கள். வீட்டில் இருப்பவர்களும் “இன்னிக்கு எப்படிங்க இருக்குது?” என்று தினம் விசாரிக்காமல் இருப்பது பெரிய உதவி. தவிப்பு முற்றி வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் இந்த வரிசையெல்லாம் பிறகு. உடனே 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை அழையுங்கள், தமிழில் பேசலாம்.

தூக்கத்துக்கு விதி எளிது, கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். ராத்திரி எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுங்கள். பகலில் சாய்ந்து ஈடுகட்டாதீர்கள். படுத்து இருபது நிமிடம்போல் ஆகியும் வராவிட்டால் எழுந்துபோய் உட்கார்ந்து, கண் சொருகியதும் திரும்புங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

பல்லை இறுகக் கடித்தாலோ கழுத்தைத் திருப்பினாலோ இரைச்சல் மாறுகிறதா என்றும் பாருங்கள். பலருக்கு மாறும். கூடவே தாடை மூட்டு வலியோ கழுத்துப் பிடிப்போ இருந்தால் பிசியோதெரபி கொஞ்சம் குறைத்துக்கொடுக்கலாம்.

இருக்கும் காதைக் காப்பதும் இதில் சேர்ந்தது. இந்தியத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை அனுமதிக்கின்றன. அமெரிக்காவின் தொழில்சுகாதார ஆய்வு நிறுவனம் பரிந்துரைப்பது 85. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்கச் சொல்கிறது. 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். இன்னும் தறி ஓட்டுகிறவர் பஞ்சு அடைப்பதில் பயனில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் ஃபோம் அடைப்பான் வாங்கவேண்டும். மெல்லியதாக உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செருகி, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சரியாகச் செருகினால் உங்கள் குரலே உங்களுக்குக் கம்மிக் கேட்கும். தீபாவளி வெடிக்குச் சட்டம் வைத்த எல்லையே நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபல். திருவிழா ஸ்பீக்கர் பெட்டியின் முன்னால் நிற்பதும் வேண்டாம். அதே சமயம் சாதாரண வீட்டுச் சத்தத்துக்கும் பஸ் சத்தத்துக்கும் அடைத்துக்கொண்டு திரியாதீர்கள். அடைத்த காதில் என்ன நடக்கும் என்பதை அந்த ஏழு நாள் சோதனையே காட்டிவிட்டது.

விடவேண்டியவை சில. கிங்கோ மாத்திரை, துத்தநாகம், மெலட்டோனின் ஆகியவற்றைக் காதிரைச்சலுக்கு என்று கொடுக்கவேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டி 2014-லேயே சொல்லிவிட்டது. தலைசுற்றலுக்கான பீட்டாஹிஸ்டினும் வெறும் இரைச்சலுக்கு உதவுவதாகச் சான்றில்லை. நாக்கில் மின்தூண்டலும் காதில் ஒலியும் சேர்த்துக் கொடுக்கும் கருவி ஒன்றுக்கு 2023-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்காக நிலத்தை விற்கவேண்டிய அவசரமில்லை. காபியை விடச் சொல்வார்கள். 2010-இல் வந்த ஆய்வில் காபியை நிறுத்தியதால் இரைச்சல் குறையவில்லை, நிறுத்தியதால் வந்த தலைவலிதான் மிச்சம். உங்கள் டபராவை யாரும் பிடுங்கவேண்டியதில்லை. சாயங்காலத்துக்கு மேல் வேண்டாம், அதுவும் தூக்கத்துக்காக.

நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு வாரம் ஏறும். சளி, தூக்கமில்லாத பயணம், வீட்டில் ஒரு கவலை, கல்யாண மண்டபத்து மைக் செட் எதுவும் காரணமாகலாம். அப்போது புது வைத்தியம் தேடி ஓடாதீர்கள். ஒலியை அதே அளவில் ஓடவிட்டு, நோட்டைத் திரும்ப எடுத்து, எழும் நேரத்தை மாற்றாமல் காத்திருங்கள்; பெரும்பாலும் சில நாட்களில் பழைய மட்டத்துக்கு இறங்கிவிடும். இறங்காமல் ஒரு காதில் மட்டும் கூடினாலோ, கேள்வி குறைந்தாலோ, நாடியோடு துடிக்க ஆரம்பித்தாலோ மருத்துவரிடம் திரும்பப் போகவேண்டும். வருடம் ஒரு முறை ஆடியோகிராமும் எடுங்கள், பழைய தாளையும் கொண்டுபோங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் 4000-இல் இருந்த பள்ளம் 3000, 2000 என்று பேச்சுப் பகுதிக்குள் இறங்குகிறதா என்று தெரியும். இறங்கியிருந்தால் கருவியின் அமைப்பை மாற்றவேண்டும். சில இயந்திரங்கள் அச்சிடும் தாள் வருடத்துக்குள் வெளுத்துப்போகும். வாங்கிய அன்றே செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.